அறுபத்து நாலு கிலோ

சிட்டையில் 37. கம்ப்யூட்டரில் 101.

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு மினி தேயிலை ஃபேக்டரி. வாரம் ஒருமுறை போய் இலைக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. அந்த வாரம் ஆறு நாளில் 212 வரி இலை வந்திருந்தது. கம்ப்யூட்டர் கூட்டிக் காட்டிய மொத்தம் 8,592 கிலோ. சனிக்கிழமை பட்டுவாடாவுக்கு முதல் ஆளாக வந்து நின்ற அம்மா, பிரிண்ட் எடுத்த தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நகரவேயில்லை.

"இதுல தப்பு இருக்குங்க சார்."

எடை குறைந்துவிட்டது என்று சண்டைக்கு வருவார்களே தவிர, கூடிவிட்டது என்று யாரும் வந்து நான் பார்த்ததில்லை. "என்ர தோட்டம் அரை ஏக்கருங்க. ஒரு ரவுண்டுக்கு நூத்தியொரு கிலோ எங்கிருந்து வரும்? நாளைக்கு நீங்க வந்து திருப்பிக் கேட்டா நான் எங்க போவேன்?" என்று இடுப்புப் பையிலிருந்து நிறுவைச் சிட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஈரத்தில் ஊறிய தாள். ஆனால் 37 தெளிவாகவே இருந்தது.

பட்டுவாடாவை நிறுத்திவிட்டு 212 சிட்டைகளையும் வரி வரியாக ஒத்துப் பார்த்தோம். மூன்று வரி மட்டும் தப்பு. 37 என்பது 101 ஆகியிருந்தது. 22 என்பது 86. 51 என்பது 115. மீதி 209 வரியும் சுத்தம்.

கணக்குப் பிள்ளைகளுக்குப் பழைய வித்தை ஒன்று உண்டு. இலக்கத்தை இடம் மாற்றி எழுதினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 37-ஐ 73 என்று அடித்திருந்தால் வித்தியாசம் 36. நாலு ஒன்பது முப்பத்தாறு. டைப் அடித்த பையன் மேல் சந்தேகம் வந்தால் முதலில் இதைத்தான் போட்டுப் பார்ப்பேன். இங்கே மூன்று வரியிலும் வித்தியாசம் 64, 64, 64. ஒன்பதால் வகுபடாது. ஆனால் இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் 32, 16, 8, 4, 2, 1 என்று மிச்சமில்லாமல் முடியும். இது மனிதக் கை செய்யும் தப்பல்ல. பையனைத் திட்டுவதற்கு வாயைத் திறந்த முதலாளியை நிறுத்திவிட்டு, மேசைக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தேன்.

கம்ப்யூட்டருக்கு 37 என்றால் 32 + 4 + 1. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விளக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1-க்கு ஒன்று, 2-க்கு ஒன்று, 4, 8, 16, 32, 64. முப்பத்தேழுக்கு அதில் மூன்று விளக்கு எரியும். 64-ன் விளக்கு அணைந்திருக்க வேண்டும். அது தானாக எரிந்தால் 101. உள்ளூர்ப் பையன் ஒருவன் பல வருடம் முன்பு எழுதிக்கொடுத்த இலைப் புரோகிராம் கிலோவை முழு எண்ணாகவே வைக்கிறது. அதனால்தான் தப்பு இவ்வளவு துல்லியமாக வெளியே தெரிந்தது. இன்னொன்றும் புரிந்தது. 64 முதல் 127 கிலோ வரை கொண்டுவருபவர் கணக்கில் இந்தத் தப்பு தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர்களுக்கு அந்த விளக்கு ஏற்கெனவே எரிகிறது. சிறு தோட்டக்காரர் கணக்கில்தான் அகப்படும்.

இப்படி ஒரு விளக்கு தானாக எரிந்தது வேறு இடத்திலும் நடந்திருக்கிறது. 2003 மே 18-ல் பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற ஊரில் நடந்த மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்கு கூடுதலாக விழுந்தது. அவருக்கு விழக்கூடிய அளவைவிட எண் பெரிதாக இருந்ததால்தான் கண்டுபிடித்தார்கள். 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கி வருவது. 13-வது பிட், அதாவது 13-வது விளக்கு, புரண்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அங்கே தேர்தல் கணக்கு, இங்கே அரை ஏக்கர்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்கதை உண்டு. 19 நாளில் 11 முறை நீலத் திரை காட்டி நின்றிருக்கிறது. முதலாளி ஒழுங்கானவர், காலண்டர் தாளின் பின்பக்கம் தேதியும் மணியும் குறித்து வைத்திருந்தார். பதினொன்றில் எட்டு காலை 8 மணிக்கும் 11 மணிக்கும் நடுவில். "காலைப் பனி சார், ஈரம் உள்ள எறங்குது" என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், நானும்தான். காலையில்தான் இலை வருகிறது, காலையில்தான் அந்தக் கம்ப்யூட்டரில் வேலையே நடக்கிறது என்பது எவருக்கும் தோன்றவில்லை. மத்தியானம் முழுக்க அது சும்மா கிடக்கும். சும்மா கிடப்பது எப்படிக் கெடும்?

அந்த 19 நாளில் செலவு இப்படிப் போயிருந்தது: "பார்மட் போட்டா சரியாயிடும்" என்று ஒருவர் வந்து விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டதற்கு 600 ரூபாய். வைரஸ் என்று சொன்னதற்கு 450. மலையில் கரண்ட் சரியில்லை, எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கும் என்று மாற்றியதற்கு 1,450. ஆக 2,500. மூன்றில் எதுவும் மருந்தில்லை. பார்மட் போட்ட அன்று மாலை மட்டும் ஒழுங்காக ஓடியதாம்.

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் முதலாளியின் அக்கா மகன் ஒரு புதுக் காரணம் சொன்னான். "மாமா, நாம மலை மேல இருக்கோம். காஸ்மிக் கதிர் வந்து ரேம்ல அடிச்சா பிட் மாறும். ஊட்டியிலயே அதுக்கு ஆராய்ச்சிக்கூடம் இருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன் சொன்னதில் பாதி சரி. எவ்வளவு சரி என்பதை எண்ணிப் பார்த்துவிடலாம், ஏனென்றால் உலகத்திலேயே வானத்துத் துகளை மிக நுணுக்கமாக எண்ணும் இடங்களில் ஒன்று நம் மலையிலேயே இருக்கிறது.

ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் 2,200 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கிரேப்ஸ்-3 என்ற ஆய்வு அங்கே நடக்கிறது. 25,000 சதுர மீட்டர் நிலத்தில், எட்டு மீட்டருக்கு ஒன்றாக, ஏறத்தாழ 400 உணர்கருவிகள். கூடவே மியுவான் தொலைநோக்கி: ஆறு மீட்டர் நீளமுள்ள சதுர இரும்புக் குழாய்கள் 3,712, பதினாறு கூட்டமாக, கூட்டத்துக்கு 232. மேலே இரண்டு மீட்டர் கான்கிரீட். மொத்தப் பரப்பு 560 சதுர மீட்டர். கோலார் தங்கச் சுரங்கத்தில் புரோட்டான் சிதைவைத் தேடிய ஆய்வு முடிந்தபோது அங்கிருந்த குழாய்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். சுரங்கத்தின் அடியில் இருந்த இரும்பு இப்போது மலை உச்சியில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் கருவி நாளொன்றுக்கு எண்ணும் மியுவான்கள் சுமார் 400 கோடி. விநாடிக்கு 46,000-க்கு மேல். 560 சதுர மீட்டரால் வகுத்தால், சதுர சென்டிமீட்டருக்கு நாளைக்கு 714. 2014 டிசம்பர் 1-ல் ஊட்டி மேல் கடந்த ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததென்று, இந்த மியுவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே கணக்குப் போட்டு 2019-ல் வெளியிட்டார்கள். எண்ணுவதில் அவ்வளவு கெட்டிக்காரர்கள்.

ஆனால் ரேமுக்குப் பெரிய எதிரி மியுவான் அல்ல, நியூட்ரான். மியுவான் பெரும்பாலும் சிப்பைத் துளைத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். நியூட்ரான் சிலிக்கான் அணுவின் கருவில் மோதினால் சிதறும் துண்டு அங்கே மின்னூட்டத்தைக் கொட்டும்; பக்கத்துச் செல்லின் 0 அப்போது 1 ஆகலாம், 1 அப்போது 0 ஆகலாம். சிப் தொழிலின் தர அமைப்பான ஜெடெக் இதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறது. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் தலை மேலும் 1,033 கிராம் காற்று இருக்கிறது. அந்தக் காற்று 131 கிராம் குறையக் குறைய நியூட்ரான் 2.7 மடங்காகப் பெருகும். ஊட்டி ஆய்வுக்கூடத்தின் தலை மேல் இருப்பது 800 கிராம்தான்.

மலை ரயிலில் ஏறுகிற மாதிரியே கணக்கும் ஏறுகிறது. சென்னைக் கடற்கரையை 1 என்று வைத்தால், 330 மீட்டரில் இருக்கும் மேட்டுப்பாளையம் 1.35. அங்கிருந்து பல்சக்கரத்தில் திணறி ஏறி 1,700 மீட்டரில் குன்னூர் நிலையத்தில் டீ குடிக்கும்போது 4.3. ஊட்டியில் இறங்கினால் ஆறுக்குச் சற்றே குறைவு. தொட்டபெட்டா உச்சி, 2,637 மீட்டர், சுமார் 8. இவை தோராயம், நாற்பத்தாறு கிலோமீட்டர் பயணத்துக்கு அது போதும்.

நமக்கு ஒரு சலுகையும் உண்டு. பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் பூமியின் காந்தப்புலம் வலுவான வேலி போட்டிருப்பதால், கடல் மட்டத்தில் நமக்கு விழுவது நியூயார்க்கில் விழுவதில் ஏறத்தாழப் பாதி. நியூயார்க்கில் சதுர சென்டிமீட்டருக்கு மணிக்கு 13 நியூட்ரான் என்பது ஜெடெக் அளவு. சென்னையில் ஆறரை என்று கொள்வோம். குன்னூரில் 28. ஊட்டியில் 38. ஒரு ரேமில் உள்ள சிலிக்கான் பரப்பைத் தாராளமாக 5 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், குன்னூர் ஃபேக்டரியின் ரேம் வழியே ஒரு நாளைக்கு 3,360 நியூட்ரான் போகிறது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் கிட்டத்தட்ட எல்லாமே ஒன்றும் செய்யாமல் மறுபக்கம் போய்விடும்.

இந்த உயரத்தில் கம்ப்யூட்டர் பட்ட பாட்டுக்குச் சரித்திரமும் இருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடம் நம் ஊட்டி உயரத்தில்தான் இருக்கிறது, சுமார் 2,200 மீட்டர். 1976-ல் முதல் கிரே-1 கம்ப்யூட்டரை அங்கே ஆறு மாதம் வைத்துப் பார்த்தார்கள். 152 மெமரிப் பிழை. சுமார் 29 மணி நேரத்துக்கு ஒன்று. வானம்தான் காரணம் என்பது பல வருடம் கழித்தே சரியாக எழுதப்பட்டது. 1990-களில் ஐபிஎம் போட்ட மதிப்பீடு ஒன்று இன்னும் சுற்றுகிறது: 256 மெகாபைட்டுக்கு மாதம் ஒரு பிழை. அதை இன்றைய 8 ஜிபிக்கு அப்படியே நீட்டினால் மாதம் 32, ஊட்டி உயரத்துக்கு நியூயார்க்கைவிட மும்மடங்கு, நாளைக்கு மூன்று. ஊட்டியில் எந்தக் கம்ப்யூட்டரும் அப்படிச் சாகவில்லை. செல்கள் சிறுத்துப்போனதில், நியூட்ரான் கொட்டும் மின்னூட்டத்தை ஏந்தும் பரப்பும் சிறுத்துவிட்டது.

பையனுக்கு எதிரான பெரிய சாட்சி 2009-ல் வந்தது. கூகுள் தன் சர்வர்களின் ரேம் பிழையை இரண்டரை வருடம் எண்ணியது. வருடத்துக்கு நூற்றில் எட்டுக்கு மேற்பட்ட ஸ்டிக்குகள் பிழை காட்டின. அதைவிட முக்கியம் இது: ஒரு மாதத்தில் ஒரு முறை பிழை காட்டிய ஸ்டிக், அதே மாதத்தில் மறுபடி காட்டும் வாய்ப்பு மற்றதைவிட 13 முதல் 228 மடங்கு. வானம் அப்படிச் செய்யாது. மழை ஒரே ஓட்டை மட்டும் தேடி அடிக்குமா? ஒரே ஓடு நனைகிறதென்றால் ஓட்டில் விரிசல் என்று அர்த்தம். 2013-ல் வந்த இன்னோர் ஆய்வு லாஸ் அலமாஸின் சியலோ கம்ப்யூட்டரையும் தாழ்வான ஓக் ரிட்ஜின் ஜாகுவாரையும் ஒப்பிட்டது. உயரம் ஏற ஏற எஸ்ரேம் என்ற வேறு வகை மெமரியில் பிழை கூடியது உண்மை. ஆனால் நாம் ரேம் என்று வாங்கும் டிரேமில், செய்த கம்பெனிக்குக் கம்பெனி பழுது நாலு மடங்குக்கு மேல் வித்தியாசப்பட்டது. கடற்கரையிலிருந்து குன்னூருக்கு ஏறுவதும், கடையில் தட்டு மாற்றி வேறு கம்பெனி ரேமை எடுப்பதும் ஏறத்தாழ ஒரே ஆபத்து.

நம் மூன்று வரிக்கே வாருங்கள். 32 பிட் கொண்ட எண்ணில் வானத்து அடி மூன்று விழுந்தால், முதலாவது எங்கே விழுந்தாலும் சரி, அடுத்த இரண்டும் அதே இடத்தில் விழ 1,024-ல் ஒரு வாய்ப்பு. பையனிடம் இதைச் சொன்னேன். "அப்ப ரேம் போச்சா மாமா?" என்று முதலாளியைப் பார்த்தான்.

போயிருக்கலாம்; தூசியாகவும் இருக்கலாம். தேயிலை ஃபேக்டரியில் காற்றிலேயே பஞ்சுத் தூசி பறக்கும், மலையில் ஈரம் வேறு. அதனால் முதல் வேலை ஐந்து ரூபாய் ரப்பர். பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் இரும்பைத் தொட்டுக் கையிலுள்ள மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, இரண்டு 4 ஜிபி ஸ்டிக்கையும் கழற்றினோம். டிடிஆர்-4 ஸ்டிக்கில் பக்கத்துக்கு 144, ஆக 288 தங்கக் கால். பென்சில் ரப்பரால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷ்ஷால் தள்ளி, இரண்டு காதும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்தினோம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம்தான் போய்ச் சேரும். ஞாயிறு, திங்கள் நன்றாக ஓடியது. செவ்வாய் காலை 9.20-க்கு மறுபடி நீலத் திரை. பன்னிரண்டாவது.

ஆக, கால் அல்ல. அடுத்தது மெம்டெஸ்ட்86. பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸே இல்லாமல் கம்ப்யூட்டரை அதிலிருந்து கிளப்ப வேண்டும். இலவசப் பதிப்பு நாலு சுற்று ஓடும். ஒவ்வொரு செல்லிலும் 0 எழுதிப் படிக்கும், 1 எழுதிப் படிக்கும், மாற்றி மாற்றி எழுதிப் படிக்கும். 4 ஜிபி என்றால் 3,435 கோடியே 97 லட்சத்து 38 ஆயிரத்து 368 செல். அவசரப்படுத்தக் கூடாது. இரண்டு ஸ்டிக்கையும் சேர்த்துப் போட்டு ஓட்டினால் பழுது உண்டா இல்லையா என்று மட்டும் தெரியும். எது என்று தெரியாது. அதனால் ஒற்றை ஒற்றையாக: முதல் ஸ்டிக் முதல் ஸ்லாட்டில், பிறகு இரண்டாம் ஸ்லாட்டில்; இரண்டாம் ஸ்டிக்கும் அப்படியே. பழுது ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக் கெட்டது. ஸ்லாட்டிலேயே நின்றால் மதர்போர்டு கெட்டது, செலவு அஞ்சு மடங்கு. ஒரு ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நாலு ஓட்டமும் முடிய ஒரு ராத்திரி. பெட்டி 100 வாட் இழுத்தால் கரண்ட் ஒரு யூனிட்டுக்கும் குறைவு.

முதல் ஸ்டிக் இரண்டு ஸ்லாட்டிலும் சுத்தம். இரண்டாம் ஸ்டிக்கைப் போட்டு முதல் சுற்று பாதி போவதற்குள் சிவப்பு வரி வந்தது. மூன்று முகவரி. மூன்றிலும் புரண்ட பிட் எது என்று காட்டும் கட்டத்தில் ஒரே எண்: 40. அது பதினாறின் அடியில் எழுதிய எண். நாலு பதினாறு அறுபத்து நாலு.

ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த அம்மாவோட அறுபத்து நாலா சார் இது?" என்றார். அதுவேதான். ஸ்லாட் மாற்றியும் அதே மூன்று முகவரி, அதே 40. அங்கே 0 எழுதினாலும் 1 என்றே படிக்கிறது. இலைப் புரோகிராம் அந்த இடத்தில் உட்கார்ந்தால் கிலோ கூடும். விண்டோஸின் சொந்த வேலை உட்கார்ந்தால் நீலத் திரை. நோய் ஒன்றே, வெளியே தெரிந்த குறிதான் இரண்டு.

டிரேம் செல் என்பது ஓட்டைக் குடம். ஊற்றிய மின்னூட்டம் ஒழுகும். அதனால் 64 மில்லி விநாடிக்கு ஒரு முறை ஒவ்வொரு செல்லையும் படித்துத் திரும்ப ஊற்ற வேண்டும். நாளைக்கு 13,50,000 முறை. அவ்வளவு தரம் நிரப்புவதில் 3,435 கோடிக் குடத்தில் மூன்று மக்கர் செய்ததே அதிசயம்தான். ஸ்டிக்கிலிருந்து ஒரு தடவைக்கு எடுக்கும் பிட்டும் 64. இந்த இரண்டு 64-க்கும் அந்த அம்மாவின் 64-க்கும் எந்த உறவும் இல்லை, தேடாதீர்கள்.

சர்வர்களில் இதற்குக் காவல் உண்டு. 64 பிட்டோடு எட்டுப் பிட் சேர்த்து 72-ஆக வைப்பார்கள். எட்டுச் சிப்புக்கு ஒன்பது சிப். ஒரு பிட் புரண்டால் தானே திருத்தும், இரண்டு புரண்டால் கூவும். கூடுதல் சிப் செலவு நூற்றுக்குப் பன்னிரண்டரைதான். ஆனால் நம் ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் போர்டுகள் பலவற்றுக்கு அந்த ரேம் ஒத்துவராது. கணக்கு வைக்கும் பெட்டிக்கும் காவல் வேண்டாம், படம் பார்க்கும் பெட்டிக்கும் வேண்டாம் என்று இரண்டையும் ஒரே தராசில் வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

கெட்ட ஸ்டிக்குக்கு வாரண்டி இருந்தது, பில் இல்லை. கரையானா, ஈரமா என்று விசாரித்துப் பயனில்லை. புது 4 ஜிபி 1,150 ரூபாய். ரப்பரோடு 1,155. போட்டு நாலு சுற்று ஓட்டினோம், பிழை பூஜ்யம்.

தேயிலை வாரியம் இலை விலையை மாதா மாதம் அறிவிக்கும். கணக்குக்குக் கிலோ 20 ரூபாய் என்று வைக்கிறேன். ஒரு 64 கிலோவுக்கு 1,280 ரூபாய். அந்த அம்மா வாயைத் திறக்காமல் போயிருந்தால் அந்த வாரம் மட்டும் மூன்று வரிக்கு 3,840. முந்தைய இரண்டு வாரச் சிட்டையையும் எடுத்து ஒத்துப் பார்த்ததில் இன்னும் இரண்டு வரி அகப்பட்டது. அந்த 2,560 ஏற்கெனவே கைமாறிவிட்டது. முதலாளி யோசித்துவிட்டு எழுதித் தள்ளச் சொன்னார். தப்பான வைத்தியம் 2,500, சரியான வைத்தியம் 1,155, போனது 2,560: ஆக 6,215 ரூபாய்.

பேரேட்டை மூடும்போது டீ மேக்கர் நகரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருக்கு வசவு விழுந்திருந்தது எனக்குத் தெரியாது. அந்த வாரம் 1,890 கிலோ தூள் எடுத்திருந்தார். கம்ப்யூட்டர் சொன்ன 8,592 கிலோ இலைக்கு அது நூற்றுக்கு 22. வழக்கமாக வருவது இருபத்திரண்டரை. அரை விழுக்காடு எங்கே போச்சு, வாட்டலில் விட்டாயா, சல்லடையில் விட்டாயா என்று கேட்டிருக்கிறார்கள். வராத இலை 192 கிலோவைக் கழித்தால் வந்தது 8,400. அதற்கு 1,890 என்பது சரியாக 22.5.

"அதை ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்" என்றார். எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சல்லடை ஓடும் பக்கம் போனார்.